செசானைக் காட்டிய மனிதர்: ரோஜர் ஃப்ரை பார்த்த மூணு வேலைகள்

இன்னைக்கு எபிசோடுல நாம பேசப்போற ஆள் ரோஜர் ஃப்ரை. ஓவிய வரலாறு படிச்சவங்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். மத்தவங்க கேள்விப்படாமலே இருந்திருக்கலாம். ஆனா வான் கோ? சூரியகாந்திப் பூக்களை போன் கவர்ல, காபி மக்ல, டி-ஷர்ட்லனு எங்கெங்கயோ பார்த்திருப்பீங்க. செசான், கோகான்? பேராவது காதுல விழுந்திருக்கும். இவங்களை எல்லாம் ஒரே குடைக்குக் கீழே வைக்கிற ‘போஸ்ட் இம்ப்ரஷனிசம்’ங்கிற வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இந்த ஃப்ரைதான்.

அவர் மூணு வேலை பார்த்தார். நிலக்காட்சிகளை வரையும் ஓவியர். கலை பற்றி எழுதுபவர். கண்காட்சிகளையும் மியூசியத் தொகுப்புகளையும் உருவாக்கும் க்யூரேட்டர். கடைசி ரெண்டு வேலைக்காகத்தான் உலகம் அவரை ஞாபகம் வெச்சிருக்கு. அவர் மனசு இருந்தது முதல் வேலையில. இந்த இடைவெளிதான் இன்னைக்கு நம்ம கதை.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

1866 டிசம்பர் 14, லண்டன். குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள்னா ஆடம்பரம் கூடாது, எளிமையா வாழணும்னு நம்பின ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அப்பா சர் எட்வர்டு ஃப்ரை பெரிய நீதிபதி. அறிவியல்ல தீராத ஆர்வம் உள்ளவர். மகன் விஞ்ஞானி ஆகணும்னு அவருக்கு ஆசை. மகனும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில இயற்கை அறிவியல் படிச்சு முதல் வகுப்புல தேறினார். அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து, நான் ஓவியன் ஆகப்போறேன்னு சொன்னார்.

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு சினிமாவுக்குப் போறேன்னு சொன்னா வீட்ல என்ன முகம் காட்டுவாங்களோ, ஏறக்குறைய அதேதான் அங்கயும். ஆனாலும் அப்பா ஒரேயடியா கதவைச் சாத்தல. ஃப்ரை லண்டன்ல ஓவியம் கத்துக்கிட்டார். 1892ல பாரிஸ் போய் அகாடமி ஜூலியன்ல கொஞ்ச நாள் படிச்சார். பலமுறை இத்தாலி போய் பழைய சுவரோவியங்கள் முன்னாடி மணிக்கணக்கா நின்னார்.

இத்தாலிதான் அவரை எழுத்தாளர் ஆக்குச்சு. 1899ல வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினி பத்தி ஒரு புத்தகம் வந்தது. 1901லிருந்து ‘அத்தீனியம்’ பத்திரிகையில கலை விமர்சனம். 1903ல ‘பர்லிங்டன் மேகஸின்’ தொடங்கினவங்கள்ல இவரும் ஒருத்தர். அந்தப் பத்திரிகை இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. ஒரு பழைய ஓவியம் நிஜமாவே அந்தக் கலைஞரோடதுதானா, போலியான்னு கேட்டு வர்ற அளவுக்கு அவர் நிபுணர் ஆகிட்டார்.

அதே 1903ல கார்ஃபாக்ஸ் கேலரியில அவருடைய தனிக் கண்காட்சியும் நடந்தது. அடங்கின நிறங்கள், பதினேழாம் நூற்றாண்டு நிலக்காட்சிகளை ஞாபகப்படுத்துற நிதானமான அமைப்பு. நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதைத் தாண்டி யாரும் பெருசா எதுவும் சொல்லல.

நியூயார்க், மார்கன், ஒரு சண்டை

1906ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஓவியப் பிரிவுக்கு க்யூரேட்டர் வேலை கிடைச்சது. அதை ஒத்துக்கிட்ட பிறகு லண்டன் நேஷனல் கேலரியோட இயக்குநர் பதவியும் தேடி வந்தது. வாக்குக் கொடுத்தாச்சேன்னு மறுத்துட்டார்.

மியூசியத்தின் தலைவர் ஜே. பி. மார்கன். ஆமா, வங்கி மார்கன்தான். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தர். அவரே பெரிய கலைப்பொருள் சேகரிப்பாளர். சிக்கல் எங்க வரும்னு இப்பவே புரியுது இல்லையா? மியூசியத்துக்காக நல்ல ஓவியம் தேடுறது ஃப்ரையின் வேலை. நல்ல ஓவியத்தைப் பார்த்தா தனக்கே வேணும்னு நினைக்கிறது மார்கனின் பழக்கம்.

ஃப்ரையின் ஆலோசனையால மியூசியத்துக்கு நல்ல படங்கள் வந்தன. 1907ல வாங்கின ரென்வாரின் ‘மதாம் ஷார்பான்டியே’ குடும்ப ஓவியம் அதுல ஒண்ணு. ஆனா 1909ல மியூசியத்துக்காக ஃப்ரை பேசி வெச்சிருந்த ஒரு ஃப்ரா ஆஞ்சலிகோ ஓவியத்தை மார்கன் தனக்குன்னு எடுத்துக்கிட்டார். ஃப்ரை வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். இருக்கல. எழுத்து மூலமாவே ஆட்சேபம் தெரிவிச்சார். அடுத்த வருஷம் வேலை போச்சு.

வீட்லயும் நிலைமை மோசம். மனைவி ஹெலன் கூம்பும் ஓவியர். 1896ல கல்யாணம். கொஞ்ச காலத்துலயே ஹெலனுக்கு மனநோய் தொடங்கிடுச்சு. குணமாகும், திரும்ப வரும். அவருக்கு நிம்மதியா இருக்கட்டும்னு கில்ஃபோர்டு பக்கத்துல ‘டர்பின்ஸ்’னு ஒரு வீட்டை ஃப்ரையே வடிவமைச்சுக் கட்டினார். பெரிய ஜன்னல்கள், நிறைய வெளிச்சம், தோட்டம். அந்த வீட்ல ஹெலன் ரொம்ப நாள் வாழ முடியல. 1910ல அவரை மனநல மருத்துவமனையில சேர்க்க வேண்டி வந்தது. 1937ல இறக்கிற வரைக்கும் அவர் வீடு திரும்பல. ரெண்டு குழந்தைகளை வளர்க்க ஃப்ரையின் சகோதரி ஜோன் வந்து சேர்ந்தார்.

வயசு 43. வேலை இல்லை. மனைவி மருத்துவமனையில. இந்த ஆள்தான் அதே வருஷம் லண்டனையே உலுக்கப்போறார்.

1910 நவம்பர்

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பின்னணி. அதுவரைக்கும் ஃப்ரைன்னா பழைய ஓவியங்களின் ஆள். இம்ப்ரஷனிஸ்டுகள் மேல அவருக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. வெளிச்சம் விழுற விதத்தைப் பிடிக்கிறாங்க, சரி, ஆனா ஓவியத்துக்கு எலும்புக்கூடு எங்கங்கிறதுதான் அவர் கேள்வி. 1906 வாக்குல செசானின் படங்களைப் பார்த்தார். முதல்ல தயங்கினார். பிறகு அதுக்குள்ள இறங்கினார். தான் தேடின எலும்புக்கூடு இங்க இருக்குன்னு அவருக்குப் பட்டது. ஒரு ஆப்பிளுக்கு எடை இருக்கு, ஒரு மலைக்கு உறுதி இருக்கு. பழைய இத்தாலிய ஓவியர்கள் சுவர்ல செஞ்சதை இந்த பிரெஞ்சுக்காரர் ஒரு சின்ன கேன்வாஸ்ல செய்யறார்.

1910 ஜனவரியில கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்துல க்ளைவ் பெல், வனெஸ்ஸா பெல் தம்பதியைச் சந்திச்சார். வனெஸ்ஸா ஓவியர். விர்ஜினியா வுல்ஃபின் அக்கா. ப்ளூம்ஸ்பரி குழுன்னு பின்னால பேர் வாங்கின அந்த நட்பு வட்டத்துக்குள்ள ஃப்ரை இப்படித்தான் வந்தார். அவங்களைவிட பத்துப் பதினஞ்சு வயசு மூத்தவர். ஆனா உற்சாகத்துல அவர்தான் இளையவர்.

அந்த வருஷக் கடைசியில லண்டன் கிராஃப்டன் கேலரீஸ்ல கண்காட்சி நடத்த வாய்ப்பு வந்தது. பாரிஸ் போய் படங்களைத் தேர்ந்தெடுத்தார். தலைப்பு என்ன வைக்கிறதுன்னு கடைசி நேரம் வரைக்கும் முடிவாகல. கண்காட்சியின் செயலாளர் டெஸ்மண்ட் மெக்கார்த்தி பின்னால எழுதினபடி, ரொம்ப யோசிச்சும் ஒத்துவராம, இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பிறகு வந்தவங்க, அதுவே பேரா இருக்கட்டும்னு ஃப்ரை முடிச்சுவெச்சார். கலை வரலாற்றுப் பாடப்புத்தகத்துல நாம மனப்பாடம் பண்ற வார்த்தை அவசரத்துல வெச்ச பேர்!

நவம்பர் 8. ‘மனேவும் போஸ்ட் இம்ப்ரஷனிஸ்டுகளும்’ திறக்கப்பட்டது. மனே, செசான், கோகான், வான் கோ. கூடவே மத்தீஸ், பிக்காசோ மாதிரி அப்போ உயிரோட இருந்தவங்க. லண்டன் சிரிச்சது. திட்டினது. பத்திரிகையாளர் பார்வைக்குத் திறந்த நாள் நவம்பர் 5. 1605ல பார்லிமென்டை வெடி வெச்சுத் தகர்க்க நடந்த சதியை இங்கிலாந்து வருஷா வருஷம் நினைவுகூரும் நாள். விமர்சகர் ராபர்ட் ராஸ் அந்தத் தேதியைப் பிடிச்சுக்கிட்டு, இது ஐரோப்பிய ஓவியத்தையே தகர்க்கிற சதின்னு எழுதினார். இந்த ஓவியர்களின் உணர்ச்சிகள் நோய்க்கூறு படிக்கிறவங்களுக்குத்தான் பயன்படும்கிறதும் அவர் கருத்து. கவிஞர் வில்ஃப்ரிட் ப்ளன்ட் தன் நாட்குறிப்புல இதை ஆபாசம்னே எழுதி வெச்சார்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கண்காட்சியின் நட்சத்திரங்கள் யாருமே அன்னைக்கு உயிரோட இல்ல. மனே 1883ல போயாச்சு. வான் கோ 1890, கோகான் 1903, செசான் 1906. பாரிஸ்காரங்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. லண்டனுக்கு மட்டும் அது குண்டு வெடிச்ச மாதிரி.

அதைவிட வலிக்கிற இன்னொரு விஷயம். டி. பி. ஹிஸ்லப்னு ஒரு மனநல மருத்துவர். பெத்லெம் மனநல மருத்துவமனையில பணியாற்றியவர். இந்த மாதிரி ஓவியத்துக்கும் பைத்தியத்துக்கும் உள்ள தொடர்பு பத்தி 1911 தொடக்கத்துல கலைஞர்கள் சபையில உரை நிகழ்த்தினார். பத்திரிகைகள்லயும் ‘பைத்தியக்காரத்தனம்’ங்கிற வார்த்தை தாராளமா ஓடுச்சு. கேட்கிறவர் யார்? மனைவியை மனநல மருத்துவமனையில விட்டுட்டு வந்து, அந்தக் கண்காட்சி ஹால்ல நின்னு ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தவர். ஃப்ரை அதுக்காக யார்கிட்டயும் கத்தல. திரும்பத் திரும்ப, நிதானமா, இந்தப் படத்தை இப்படிப் பாருங்கன்னு எழுதினார்.

அவரை ரொம்பக் காயப்படுத்தினது பொதுஜனத்தின் சிரிப்பு இல்ல. இத்தாலிய ஓவியம் பத்தின தன்னுடைய சொற்பொழிவுகளைக் கைதட்டிக் கேட்ட படிச்ச வர்க்கம் இப்போ முகம் திருப்பிக்கிச்சு. அவருக்கு ஒரு விஷயம் பளிச்சுன்னு புரிஞ்சது. பழைய ஓவியத்தை ரசிக்கிறது அவங்களுக்கு ஒரு அந்தஸ்து. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட பெயர்கள், வருடங்கள். செசானை ரசிக்க அந்த மூலதனம் உதவாது. வீட்டு வேலைக்காரியும் சீமாட்டியும் அங்க ஒரே இடத்துலேர்ந்துதான் தொடங்கணும். அதுதான் அவங்களுக்குக் கோபம்.

ஆனா கூட்டம்? சுமார் 25,000 பேர் வந்தாங்க. இளம் ஓவியர்களுக்கு அது ஒரு திறப்பு. 1912 அக்டோபர்ல ரெண்டாவது கண்காட்சி. மத்தீஸும் பிக்காசோவும் இன்னும் நிறைய. கூடவே ஆங்கிலேய, ரஷ்ய ஓவியர்களும். அதுக்குள்ள பழைய சிரிப்பு பாதி அடங்கியாச்சு.

அவர் அப்படி என்னதான் சொன்னார்?

1909ல எழுதின ‘அழகியல் பற்றி ஒரு கட்டுரை’யில ஃப்ரை ஒரு எளிய உதாரணம் சொல்றார். தெருவுல ஒரு குதிரை வண்டி தறிகெட்டு ஓடி வருது. நீங்க என்ன பண்ணுவீங்க? ஒதுங்குவீங்க, இல்லன்னா யாரையாவது காப்பாத்த ஓடுவீங்க. அந்த நேரத்துல எதையும் முழுசாப் பார்க்க மாட்டீங்க. அதையே சினிமாத் திரையில பாருங்க. ஓட வேண்டிய அவசியம் இல்ல. அதனாலயே எல்லாம் தெளிவாத் தெரியும். கலை நமக்குத் தர்றது இந்த ரெண்டாவது வகைப் பார்வை. கோட்டின் தாளம், பொருளின் கனம், இடைவெளி, ஒளியும் நிழலும், நிறம் — உணர்ச்சியைக் கிளப்பறது இதெல்லாம்தான். படத்துல இருக்கிறது ராஜாவா ஆப்பிளாங்கிறது ரெண்டாம்பட்சம்.

இதை அவர் காகிதத்தோட நிறுத்திக்கல. 1913 ஜூலையில லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கம், 33ஆம் எண் வீட்ல ‘ஒமேகா வொர்க்‌ஷாப்ஸ்’ தொடங்கினார். ஓவியர்கள் நாற்காலி, திரைச்சீலை, கம்பளம், பாத்திரம்னு வடிவமைச்சாங்க. வாரத்துக்கு மூணரை நாள் வேலை, 30 ஷில்லிங் சம்பளம். மிச்ச நாள்ல தன் ஓவியத்தை வரையலாம். யாரும் கையெழுத்துப் போடக் கூடாது, எல்லாப் பொருள்லயும் கிரேக்க எழுத்து ஒமேகா மட்டும். இன்னைக்கு ஃப்ரீலான்ஸ் டிசைன் பண்ணி வாடகை கட்டிட்டு, ராத்திரியில சொந்த வேலை செய்யற நண்பர்களுக்கு இது நல்லாவே புரியும்.

அங்கயும் சண்டை. ஒரு பெரிய கண்காட்சிக்கான வேலையை ஃப்ரை தட்டிப் பறிச்சுட்டார்னு குற்றம்சாட்டி விண்டம் லூயிஸ் சில மாசத்துலயே வெளியேறினார். பிறகு முதல் உலகப் போர். 1919ல ஒமேகா மூடப்பட்டது.

போர்க்காலத்துல நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாம விட முடியாது. 1918 மார்ச்ல பாரிஸ்ல ஓவியர் தெகாவின் சொந்தச் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அந்தப் பட்டியலை ஃப்ரையின் வீட்ல பார்த்த டங்கன் கிராண்ட், நிதித்துறையில இருந்த நண்பர் கீன்ஸை உசுப்பிவிட்டார். பொருளாதார மேதை கீன்ஸ்தான். அவர் அரசுப் பணம் வாங்கிக் கொடுத்து, நேஷனல் கேலரி இயக்குநரோட பாரிஸ் போனார். நகரத்து மேல ஜெர்மன் குண்டு விழுது, விலையெல்லாம் இறங்குது. இயக்குநர் பல படங்களை வாங்கினார். ஆனா செசான் மட்டும் வேண்டாம்னுட்டார். ஃப்ரையின் முதல் கண்காட்சி முடிஞ்சு ஏழு வருஷம் ஆகியும்! கீன்ஸ் தன் சொந்தக் காசுல செசானின் ஆப்பிள் ஓவியம் ஒண்ணை வாங்கினார். ஊர் திரும்பி நண்பர்கள் வீட்டுக்குப் போற வழியில பெட்டி கனமா இருக்குன்னு அந்தப் படத்தை வேலியோரமா வெச்சுட்டு நடந்து போய், பிறகு ஆள் அனுப்பி எடுத்தாராம். அந்த ஓவியம் லண்டன் வந்தப்போ ஃப்ரை அதைப் பார்த்துப் பரவசமானதை வுல்ஃப் பதிவு பண்ணியிருக்கார்.

1920: ஒரு புத்தகம், ஒரு கண்காட்சி

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். ஃப்ரையின் சொந்த ஓவியம் என்ன ஆச்சு?

1920ல ரெண்டு விஷயம் நடந்தது. கட்டுரைகளைத் தொகுத்து ‘விஷன் அண்ட் டிசைன்’ வெளிவந்தது. தலைமுறைகள் படிச்ச புத்தகம். ஆப்பிரிக்கச் சிற்பங்களை இனவியல் பொருளா இல்லாம பெரிய கலையா மதிச்ச கட்டுரையும் அதுல இருக்கு. அதே வருஷம் லண்டன் இன்டிபென்டன்ட் கேலரியில அவருடைய ஓவியங்களின் கண்காட்சி நடந்தது. விலையைக் குறைச்சே வெச்சிருந்தார். வரவேற்பு மந்தம்தான். அறிவால போட்ட படம், உள்ளேயிருந்து வந்தது இல்லங்கிற மாதிரிதான் அவர் ஓவியங்கள் மேல வழக்கமா வந்த விமர்சனம்.

இதுல இருக்கிற கொடுமை என்னன்னா, அந்த விமர்சனத்தைச் சொல்ற கண்ணைக் கொடுத்ததே அவர்தான். படத்துல கதையைத் தேடாதீங்க, கோட்டைப் பாருங்க, அந்தக் கோட்டுக்கு உயிர் இருக்கான்னு பாருங்கன்னு ஒரு சமூகத்துக்கே பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தார். அவங்க கத்துக்கிட்டாங்க. அப்புறம் அந்தக் கண்ணோட அவர் படத்தைப் பார்த்தாங்க. செசான் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. 1912 வாக்குல அவர் வரைஞ்ச ‘பாப்லர் மரங்களுடன் ஆறு’ இப்போ டேட் மியூசியத்துல இருக்கு. மரங்கள், தண்ணீர், கரை, எல்லாம் எளிய வடிவங்களாச் சுருக்கப்பட்டிருக்கு. அழகான படம்தான். ஆனா எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுட்டு அப்புறமா தூரிகை எடுத்த மாதிரி இருக்கும்.

அவர் என்ன பண்ணார்? தொடர்ந்து வரைஞ்சார். தெற்கு பிரான்ஸ்ல செசான் நடந்த புரோவான்ஸ் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார். கடைசி வருஷங்கள்ல நண்பர்களோட சேர்ந்து சான் ரெமி ஊர்ப் பக்கம் ஒரு பண்ணை வீடே வாங்கிட்டார். வான் கோ மருத்துவமனையில இருந்துக்கிட்டு வரைஞ்ச அதே சான் ரெமி. 1927ல செசான் பத்தி அவர் எழுதின புத்தகம் இன்னைக்கும் அந்த ஓவியர் பத்தின அடிப்படை நூல்கள்ல ஒண்ணு. ஒரு ஓவியரா தோத்த இடத்துலேர்ந்து எழுதினதாலதான் அது அவ்வளவு நுட்பமா இருக்குன்னு எனக்குத் தோணும். ஒரு தூரிகைத் தீற்றல் எவ்வளவு கஷ்டம்னு அவர் கைக்குத் தெரியும்.

நம்ம பக்கத்து விஷயம்

கேட்கிற உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். இவ்வளவு திறந்த கண், இந்தியக் கலையை எப்படிப் பார்த்துச்சு? 1910 ஜனவரியில லண்டன்ல ஒரு பெரிய தகராறு. ஒரு காலத்துல மெட்ராஸ் கலைப் பள்ளிக்குப் பொறுப்பா இருந்த ஈ. பி. ஹேவல் இந்தியக் கலை பத்திப் பேசின கூட்டத்துல, ஜார்ஜ் பேர்ட்வுட்ங்கிற நிபுணர் ஒரு புத்தர் சிலையை வேகவெச்ச கொழுப்புப் பண்டத்தோட ஒப்பிட்டுட்டார். கலைஞர்கள் கொதிச்சு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாங்க. அதே சமயத்துல ஃப்ரை கிழக்கத்தியக் கலையை மரியாதையோட அணுகணும்னு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

ஆனா 1933ல கேம்பிரிட்ஜ் அவரை ஸ்லேட் பேராசிரியர் ஆக்கின பிறகு நிகழ்த்தின உரைகள்ல, இந்தியக் கலை பெரும்பாலும் தனக்குப் பிடிக்கலன்னு வெளிப்படையாவே சொன்னார். ஆப்பிரிக்கச் சிற்பத்துக்குத் திறந்த கதவு இங்க மூடிக்கிச்சு. சிற்பத்துல இருந்த உடலின் தளதளப்பும் காமமும் அந்த குவேக்கர் வீட்டுப் பிள்ளையைத் தடுத்துச்சுன்னு சொல்றவங்க உண்டு. எனக்கும் அது சரின்னு படுது. உள்ளடக்கம் முக்கியம் இல்ல, வடிவம்தான் முக்கியம்னு சொன்னவரை உள்ளடக்கமே வழிமறிச்சிருக்கு.

கடைசியா

1930கள்ல அவர் லண்டன் குவீன்ஸ் ஹால்ல ஓவியம் பத்திப் பேசினா சுமார் 2000 பேர் கூடுவாங்க. விளக்குப் படத்தைத் திரையில போட்டு, கையில நீளக் குச்சியோட நின்னு பேசுவார். 1910ல சிரிச்ச அதே நகரம். பேசப் பேச, எழுதி வெச்சதை விட்டுட்டு, படத்துல புதுசா எதையோ அப்போதான் பார்த்த மாதிரி நின்னுடுவாராம்.

1934 செப்டம்பர் 9ஆம் தேதி, வீட்ல விழுந்து அடிபட்டு, மருத்துவமனையில இறந்தார். வயசு 67. சவப்பெட்டியை வனெஸ்ஸா பெல் தன் கையால வண்ணம் தீட்டினார். 1940ல விர்ஜினியா வுல்ஃப் அவர் வாழ்க்கையை நூலா எழுதினார். ஒரு மனிதனால ஒரு நாட்டின் ரசனையை மாத்த முடியும்னா அதைச் செஞ்சவர் ஃப்ரைங்கிற பொருள்பட கென்னத் கிளார்க் எழுதினார்.

அடுத்த தடவை ஏதாவது ஒரு கண்காட்சிக்குப் போனா, அது பினாலேவோ, காலேஜ் ஷோவோ, எதுவா இருந்தாலும், ஓவியர் பேரைப் படிச்ச பிறகு இன்னொரு பேரையும் தேடிப் பாருங்க. எதை எதுக்குப் பக்கத்துல மாட்டணும்னு முடிவு பண்ணினவர் பேர். பெரும்பாலும் சின்ன எழுத்துல, வாசல் பக்கம் இருக்கும். அவங்களும் வீட்ல ஏதாவது வரைஞ்சு வெச்சிருக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.